விரல் நுழையும் இடைவெளி

நண்பகல் வெயிலில் பட்டறையின் தகரக் கூரை சடசடக்கிறது. வெல்டிங் வேலை செய்கிறவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலால் மிதித்துக் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று வரைபடத்தை இணையத்தில் போட்டவள் அவள்தான். பன்னிரண்டு ஊர்களில் ஊருக்கு ஒருவராகச் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், முகம் தெரியாதவர், காலையில் எழுதியிருக்கிறார்: சங்கிலி மூடியின் இடுக்கில் என் மனைவியின் விரல் மாட்டிக்கொண்டது, நகம் போனதோடு தப்பினாள். "அவரு அளவு பாக்காம செஞ்சிருப்பாரு அண்ணி. நீங்க ஏன் கெடந்து தவிக்கிறீங்க?" என்கிறான் கொழுந்தன், இரும்பு கடையும் லேத்தை நிறுத்தாமலே. அவள் மூலையில் நிற்கும் இயந்திரத்தின் அருகே குந்துகிறாள். அளவு பிசகாமல் அவளே செய்தது. மூடியின் விளிம்பில் சுண்டுவிரலை வைக்கிறாள், நுழைகிறது. ஆள்காட்டி விரலும் நுழைகிறது. நுனியில் சங்கிலியின் கிரீஸ் ஒட்டுகிறது.

"லேத்த நிறுத்துங்க தம்பி. தப்பு என்னோடதுதான்." பட்டறை அடங்குகிறது. கைபேசியை எடுத்து, வரைபடத்துக்கு மேலேயே எழுதுகிறாள்: யாரும் மிதிக்காதீர்கள், மூடி மாறுகிறது. மற்ற பதினோரு பேருக்கும் தனித்தனியாகவும் அனுப்புகிறாள். கொழுந்தன், அவள் சொல்லாமலே, புது மூடிக்குத் தகரம் வெட்டத் தொடங்குகிறான். ஒவ்வொன்றாகப் பதில் வருகிறது. வெயில் வாசற்படி தாண்டி உள்ளே வருவதற்குள் எட்டுப் பேர் நிறுத்திவிட்டார்கள். மூன்று பேர் செய்தியை இன்னும் பார்க்கவே இல்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடக்கிறாள். எங்கேயோ அந்த மூன்று களங்களில் கதிரடிப்பு மும்முரமாக இருக்கும். கைபேசியை ஓரமாக வைத்துவிட்டு யாரோ மிதித்துக்கொண்டிருப்பார்கள்.