வாசலில் வைத்த ஷூ

படம் முடிந்து விளக்கு போட்டதும் விமர்சகர்கள் காபி மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

வெளிநாட்டுக்காரன் என்பதற்காகவே கணவனைச் சுட்டுக் கொன்றவர்களை மனைவி தேடிப்போய்ப் பழிவாங்கும் படம். ஜெர்மனியின் ப்ரேமன் நகரப் பத்திரிகைக்காரர்களுக்கான காலைக் காட்சி.

அவர்களில் ஒருத்தியான யெலிஸ், துருக்கியிலிருந்து வந்து குடியேறிய தன் அம்மா நஸ்மியேயின் கையை விடவில்லை. கூட்டிவந்தே இருக்கக் கூடாது. 'நம்ம கதை மாதிரி இருக்காமே, நானும் வரேன்' என்று அம்மாதான் பிடிவாதம் பிடித்தாள். ஜெர்மன் சரியாக வராதே, என்ன பெரிதாகப் புரிந்துவிடப்போகிறது என்று யெலிஸும் அசட்டையாக இருந்துவிட்டாள்.

பாழாய்ப்போன படத்தில் அந்த ஒரு காட்சிக்கு வசனமே இல்லை. போலீஸ்காரர் ஒருவர் செத்தவனின் ஷூவைக் கத்தியால் குதிகாலோடு பிளந்து போதைப்பொருள் தேடுகிறார். அவ்வளவுதான்.

"பழிவாங்குறதெல்லாம் சரிதான். அந்த ஷூவை அறுக்கிற சீன்தான் ரொம்ப ஓவர். நம்ம போலீஸ் என்ன அவ்வளவு மோசமா?" என்றார் ஃபோல்க்மார். தலை நரைக்கும்வரை விமர்சனம் எழுதியவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.



யெலிஸ் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் அப்பாவையும் அவருடைய ரொட்டிக்கடையில் வைத்துத்தான் சுட்டார்கள். அடக்கம் முடிந்த மாலை, துருக்கி வழக்கப்படி அம்மா அவர் ஷூவை வாசலுக்கு வெளியே வைத்தாள். இல்லாதவன் யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்தால் போனவருக்கு நன்மை.

மறுநாள் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் அதை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டார்கள். உன் அப்பா எந்தக் கும்பலுக்குச் சரக்கு கடத்தினார், குதிகாலை அறுத்தால் தெரிந்துவிடும், அம்மாவிடம் சொல் என்றார்கள். வீட்டில் ஜெர்மன் தெரிந்தவள் யெலிஸ் மட்டும். பள்ளிப் பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். யாரோ ஓர் ஏழைக்குக் கொடுக்கப்போகிறார்களாம் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து அம்மா டிராமில் ஏறினால் ஆண்களின் கால்களைத்தான் பார்ப்பாள். அப்பாவுடையது மாதிரிப் பழுப்பு ஷூ ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற யெலிஸ் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஃபோல்க்மார் நல்ல மனிதர்தான். அம்மாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்.

"அந்த சீன் நம்புற மாதிரி இருந்துச்சான்னு அம்மாகிட்டயே கேளுங்களேன்."

யெலிஸ் அம்மா பக்கம் திரும்பினாள். துருக்கி மொழியில், "காபி வேணுமான்னு கேக்கறாரும்மா" என்றாள்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவள் முடியைக் காதோரம் ஒதுக்கிவிட்டாள்.

"காபி வேண்டாம்னு சொல்லுடி கண்ணு. அன்னைக்கு உங்கப்பா ஷூவை எடுத்துட்டுப் போன அந்த ரெண்டு பேருக்கும் நான் டீ போட்டுக் குடுத்தேனே, அதையும் சொல்லு. கையைப் பிடிச்சுக்கிட்டு, அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்னு சொன்னேனே, அதையும் சொல்லு."

ஃபோல்க்மார் கோப்பையோடு காத்திருந்தார்.

யெலிஸ் சொன்னாள். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை.