தோளுக்குள் நின்ற பஸ்

பிசியோதெரபி அறையில் கரண்ட் பெட்டியும் அல்ட்ராசவுண்டு மிஷினும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தன. ஒரு நாள் அங்கே ஒரு பஸ் கண்டக்டரின் வலது தோள் வந்தது. மணிக்கயிற்றை எட்டி இழுக்க முடியாதபடி அது இறுகிப் போயிருந்தது.

முதலில் கரண்ட் பெட்டி தோள் முழுக்க எறும்பு ஊர்வதுபோல் சுறுசுறுவென்று ஓடியது. "தெரியுதா நம்ம வேலை?" என்று கேட்டது.

"நல்லாத் தெரியுதுண்ணே," என்றது தோள். வலி அடங்கியது. ஆனாலும் கையைத் தூக்கத் தோளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்து அல்ட்ராசவுண்டு, குளிர்ந்த ஜெல்லின் மேல் வட்டம் வட்டமாக வழுக்கியது. தோளுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. "ஓ, ஸ்கேன் எடுக்கிறீங்களா? உள்ளே என்ன தெரியுது?" என்று கேட்டது தோள்.

இந்த அல்ட்ராசவுண்டு, ஸ்கேன் மிஷின் இல்லை; ஒலி அலையால் இறுக்கத்தைத் தளர்த்தும் மிஷின். அதற்கு எந்தப் படமும் தெரியாது. ஆனால் அதுவரை யாருமே அதை எதுவும் கேட்டதில்லை.

"பனி," என்றது மெதுவாக. "பனிக்குள்ளே ஒரு பஸ் நிக்குது. ஜனமெல்லாம் தூங்குறாங்க."

"ஏன் நிக்குது?"

"யாரும் மணி அடிக்கலையே."

"புளுகாதே. உனக்குக் கண்ணே கிடையாது," என்று முணுமுணுத்தது கரண்ட் பெட்டி.

தோள் தினமும் வந்தது. தினமும் பஸ்ஸைப் பற்றி விசாரித்தது. பஸ் நின்றுகொண்டே இருந்தது.

ஒரு நாள் ஜெல்லைத் துடைத்ததும் தோள் தன்னை மறந்து உயர்ந்தது. கை தலைக்கு மேலே போய், அங்கே இல்லாத கயிற்றை இரண்டு தரம் இழுத்தது.

"ரைட்!" என்றது தோள்.

அறை லேசாகக் குலுங்கியது போலிருந்தது.

"கிளம்பிடுச்சா?" என்று ஆவலாகக் கேட்டது அல்ட்ராசவுண்டு.