மோர் ஊற்றிய செடி

மூன்று நாளைக்கொரு முறை வரும் தண்ணீரை மாடித்தொட்டியில் நிரப்பினால் மறுநாள் மதியமே தீர்ந்துவிடுகிறது. எந்தக் குழாயும் சொட்டவில்லை, எந்தச் சுவரிலும் ஈரமில்லை. பிளம்பர்களை நம்பாத திரவியம், சமையலுக்குத் தனியே பிடித்து வைத்துவிட்டு, வேட்டிக்குப் போடும் சொட்டு நீலத்தை இரண்டு பாட்டில் தொட்டிக்குள் கவிழ்த்தார். குழாய்களை இறுக மூடிவிட்டு, நீலம் எங்கே எட்டிப்பார்க்கிறதென்று அவரும் மனைவி வடிவும் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். சாயங்காலம் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு ரெஜினா கூவினாள்.

"மதினி, ஓடியாங்க! கறிவேப்பிலைக்கு ஊத்துன மோரு தூருல நீலமா ஊறி நிக்குது!"

தெருவே காய்ந்து கிடந்த கோடையில் அந்தச் செடி மட்டும் கூரையைத் தொட்டிருந்தது. வடிவு தினமும் ரசம் தாளிப்பது அதில் ஒரு கொத்து வாங்கித்தான். திரவியம் ஸ்பேனரோடு, மதிலடியில் புதைந்து போகும் குழாயின் இணைப்பைத் தேடி மண்ணைத் தோண்ட உட்கார்ந்தார்.

வடிவு மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "மோரு நல்லா பிடிச்சிருக்கு மதினி, நிறுத்திராதீங்க!" என்றாள். பிறகு குனிந்து, கணவரின் காதோடு சொன்னாள்:

"முழுசா இறுக்கிராதீங்க."