நிறையக் காலி

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஏணியில் நின்ற பிளக்ஸ் கடை அமிர்தகடேசன் கயிற்றைத் தளர்த்தினார். சுருட்டி வைத்திருந்த பிளக்ஸ் தடதடவென்று இறங்கி, இடுப்பு உயரத்தில் வந்து நின்றது.

"பாருங்க மேடம். எப்படி?"

அவள் உடனே பார்க்கவில்லை. கண்ணுக்குள் இருந்த படத்தை இன்னும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

வெள்ளை உப்பளம். அதன் மேல் வெள்ளை வானம். இரண்டுக்கும் நடுவே கோடுகூட இல்லை. வலது பக்கம், கீழ் மூலையில், ஒற்றைப் பூநாரை.

அவ்வளவுதான் படம்.

அதற்காக வேதாரண்யம் உப்பளத்தில் அசையாமல் படுத்துக் கிடந்தாள். உப்பு வாருகிறவர்கள் அவளையும் சேர்த்து வாரிக் குவித்துவிட்டார்கள். குவியலுக்குள் இருந்தபடியேதான் எடுத்தாள். சந்தேகம் இருப்பவர்கள் அவளுடைய கேமராவை நக்கிப் பார்க்கலாம்.

படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள்.

இன்று அதே ஊர் மண்டபத்தில் அவளுடைய முதல் கண்காட்சி. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் காரில் வந்துகொண்டிருக்கிறார். அந்தப் படம் வாசலில் பெரிதாக நிற்கும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பிடித்திருந்தால் அட்டைப்படம்.

தோப்புத்துறை தாண்டிவிட்டேன் என்று சற்று முன்தான் போனில் சொன்னார்.

கண்ணைத் திறந்தாள்.

முகங்கள்.

மண்டபக்காரர். மைக்செட்காரர். மதியத்துக்குப் பிரியாணி தருகிறவர். அமிர்தகடேசன். அமிர்தகடேசனின் மச்சான். ஆளுக்கொரு வட்டத்துக்குள் நின்று கும்பிட்டார்கள். மச்சானின் குழந்தை மட்டும் கும்பிடவில்லை. அதற்கு முதல் பிறந்தநாள். கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே சிவப்பு எழுத்தில், 'வாழ்த்தும் நல்ல உள்ளங்கள்'.

வானத்தில் துளி இடம் இல்லை. சூரியன் வந்தால் படியில் தொங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

மூலையில் மூன்று பூநாரைகள்.

"நிறைய காலியா இருந்துச்சு மேடம்" என்றார் அமிர்தகடேசன். "ஃபைல்தான் கெட்டுப்போச்சுன்னு திரும்பத் திரும்பத் தொறந்து பாத்தேன். அப்பறம் நேத்து பூரா உக்காந்து சரி பண்ணிட்டேன். அந்தப் பறவைதான் ஒத்தையா நின்னுச்சு. பாக்கவே சங்கடம். தொணைக்கு ரெண்டு போட்டுருக்கேன்."



"நான் காலிண்ணே" என்றாள்.

"அதான் நெரப்பிட்டேனே மேடம்."

கடற்காற்று வந்தது.

கீழ்க் கயிறுகளை இன்னும் கட்டவில்லை. பிளக்ஸ் அடியிலிருந்து தூக்கிக்கொண்டது. நல்ல உள்ளங்கள் மடங்கின. ஒரு நொடி, அதன் முதுகு தெரிந்தது.

வெள்ளை.

ஓரம் முதல் ஓரம் வரை ஒன்றுமே இல்லாத வெள்ளை.

அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

"திருப்புங்கண்ணே."

"எதை?"

"இதைத்தான். முதுகு ரோட்டைப் பாக்கணும்."

"அப்ப மொகமெல்லாம் செவத்தைப் பாத்துப் போயிடுமே. அவங்கள்லாம் தெறப்பு விழாவுக்கு வர்றாங்க மேடம்."

"செவத்துக்கும் பிளக்ஸுக்கும் நடுவுல எடம் இருக்கு. உள்ள போயி பாக்கச் சொல்லுங்க. வெயிலும் படாது."

அமிர்தகடேசன் யோசித்தார். வெயில் படாது என்பது அவருக்கு நியாயமாகப் பட்டது. ஏறினார். ஒரு பக்கத்துக் கயிற்றை அவரும், மறு பக்கத்துக் கயிற்றை அவளுமாக அவிழ்த்து, திருப்பி, இழுத்துக் கட்டினார்கள்.

தெரு கொஞ்சம் அகலமானது போல இருந்தது.

சைக்கிளில் போனவர் இறங்கி, காரணம் தெரியாமல் தள்ளிக்கொண்டு போனார். போஸ்டர் தின்ன வந்த ஆடு ஏற இறங்கப் பார்த்தது. எங்கே கடிப்பது என்று புரியாமல் திரும்பிப் போயிற்று.

எல்லாம் சரி. வலது பக்கம், கீழ் மூலையில்தான் ஒன்றும் இல்லை.

அவள் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மின்கம்பியில் ஒரு கரிச்சான் உட்கார்ந்திருந்தது. கன்னங்கரேல் என்று, பிளந்த வாலோடு. அதற்கும் அந்த வெள்ளை புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். இறங்கியது. ஒரு வட்டம் அடித்தது. பிளக்ஸின் அடிக்கம்பில், ஓரமாக, உட்கார்ந்தது.

வலது பக்கம்.

கீழ் மூலை.

அவள் கை தானாகக் கேமராவைத் தூக்கியது. நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் பறவை பறந்துவிடுமோ என்று பயந்தாள். நெஞ்சைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தாள்.

கேமராவுக்குள் ஏணியும் தெரிந்தது.

விரலை மட்டும் அசைத்தாள். அமிர்தகடேசன் ஏணியை எடுத்தார்.

அவருடைய நிழல் தெரிந்தது.

மறுபடியும் விரல். அவர் பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து முதல் தடவையாக அவரும் அதைப் பார்த்தார்.

வாய் திறந்தபடியே நின்றது.

தெருமுனையில் சென்னைக் கார் திரும்பியது. டிரைவரின் கை ஹாரனுக்குப் போனது.

அமிர்தகடேசன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நுனிக்காலில் ஓடினார். காரின் முன்னால் போய்க் கையை விரித்தார். பின் சீட்டின் கண்ணாடி இறங்கியது.

"சத்தம் போடாதீங்க சார்" என்றார், மூச்சு விடுகிற குரலில்.

செருப்புப் பிடித்த கையாலேயே காட்டினார். பறவையை இல்லை. அதற்கு மேலே.

"காலியா இருக்கு."