தாசில்தாருக்கு ஒரு செம்பருத்தி

பூமிக்குக் கீழே பதினேழாவது மாடியில் இருந்த உமையாளின் வீட்டுக்குக் கூரை விளக்குதான் சூரியன். அவளுடைய ஒன்றரை வயது மகன் முகிலன் விளையாடுவது அதன் கீழேதான். அவள் வளர்க்கும் ஆமை கீரை மேய்வதும் அங்கேதான். எதற்கும் அவசரப்படாது என்பதால் அதற்குத் தாசில்தார் என்று பேர்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது ஆமையின் ஓடு அவள் கட்டைவிரலுக்கு அமுங்கியது. பதறிப்போய் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"விளக்கை மாத்தி எவ்வளவு நாளாச்சும்மா?" என்றார் அவர்.

"எதுக்கு மாத்தணும் டாக்டர்? மூணு வருஷமா பளிச்சுனு எரியுதே!"

"வெளிச்சம் வரும்மா. எலும்புக்கு வேண்டிய கதிர் ஒரு வருஷத்துலயே தீர்ந்துபோயிடும். வீட்டுல வேற யாரு அதுக்குக் கீழ இருக்கா?"

உமையாளுக்குப் பிள்ளையின் கால்கள் நினைவுக்கு வந்தன. நிறுத்தி வைத்தால் முகிலன் தொப்பென்று உட்கார்ந்துவிடுவான். சோம்பேறிப் பயல் என்று அவள்தான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே புது விளக்கு வந்தது. ஆமையின் கீரையில் கால்சியம் பொடி, பிள்ளைக்குக் குழந்தைகள் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் சொட்டு என்று மூன்று மாதம் ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, முருகன் படத்துக்கு வைக்க மேலேயிருந்து வரும் ஒற்றைச் செம்பருத்தியோடு உமையாள் உள்ளே வந்தாள். தாசில்தார் கூடத்தில் நகர்ந்துகொண்டிருந்தார். அவர் பின்னாலேயே, எதையும் பிடிக்காமல், முகிலன் தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்தான்.

"கோவிச்சுக்காதப்பா முருகா" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து பூவை ஆமையின் முன்னால் வைத்தாள்.

தாசில்தார் நின்று, நிதானமாகத் தின்னத் தொடங்கினார். அந்த நேரத்தில் முகிலன் அவரை முந்திப் போனான்.