‘லீவு’ மெயில் எங்கே போகுது?

“என்கிட்ட யாருமே லீவு கேக்கல. ஆனா பாதி சீட்டு காலி! ‘லீவு’ முகவரிக்கு வர்ற மெயிலுக்கெல்லாம் என் பேர்ல ‘சரி’ போடுறது யாரு?” மேனேஜர் குதித்தார்.

சர்வரில் எந்த முகவரிக்கு வரும் மெயில் யாருக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக வாசிக்கும் ‘சி’ மொழி புரோகிராமைப் பரபரவென்று எழுதி ஓட்டினாள் புரோகிராமர். வந்திருந்த பாதி ஆபீஸும் அவள் நாற்காலியை மொய்த்தது.

“‘புகார்’ வந்துடுச்சு... ‘சம்பளம்’... இதோ ‘லீவு’! மாட்டிக்கிச்சு சார்!”

“யாருக்குப் போகுது?”

“உங்க வீட்டு மெயிலுக்கு! மழைக்கு ஆபீஸ் மூடினப்ப நீங்கதான் திருப்பிவிடச் சொன்னீங்க. அப்புறம் யாரும் மாத்தவே இல்ல.”

வீட்டு மெயிலைப் பார்க்கும் மனைவிக்கு மேனேஜர் போன் போட்டார். “யாரைக் கேட்டு எல்லாருக்கும் லீவு குடுத்தே?”

ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது.

“கேட்டவங்களுக்குக் குடுத்தேன். நீங்கதான் கேக்கவே மாட்டேங்கிறீங்களே!”