தட்டில் மீந்தது

மேசைமேல் படுத்திருந்த நாய் பாதித் தூக்கத்தில் வாலை ஆட்டியது. ஜன்னல் வெயில் அதன் வயிற்றோடு மெல்ல ஏறி இறங்கியது.

"மூணு மாசத்துல ஆறு கிலோ கூடியிருக்கு. அப்படி என்னதான் போடறீங்க?" என்றார் கால்நடை டாக்டர்.

"தனியா எதுவும் இல்ல டாக்டர். வீட்டுல மீந்ததுதான்" என்றார் பஸ் டிரைவர்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் சம்சாரமும்தான். எனக்கு மூணு வேளையும் டிப்போ கேன்டீன்லயே முடிஞ்சிடும்."

நாயைத் தடவிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது.

"அப்போ மீதி வைக்கிறது அவங்கதானே? அவங்க சாப்பிட்டு நீங்க கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

டிரைவர் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தார். வந்த வழியே தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார். மனைவிக்குத் தானே பரிமாறிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னைக்குச் சேர்ந்து சாப்பிடலாம்மா."

அவள் ஒரு வாய் எடுத்து வெகுநேரம் மென்றாள். கண்கள் நிறைந்தன.

"உள்ள இறங்க மாட்டேங்குதுங்க. மூணு மாசமாவே இப்படித்தான். சொன்னா பயந்துடுவீங்கன்னு..."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயமாத்தான் இருக்கு. எழுந்திரு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போலாம்."